சந்தனம் ஒட்டாத கார்

எங்கள் பட்டறையில் ஒரு ஷாஃப்ட் பத்து மைக்ரான் தடித்துப் போனால் கஸ்டமர் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். காக்களூர் சிட்கோவில் கிரைண்டிங் ஜாப் ஒர்க் செய்து பிழைக்கிறவனுக்கு மைக்ரான் என்பது சோற்றுப் பிரச்சினை. அதனால்தான், "மாமா, கார் மேல இருக்கிற கிளியர் கோட்டு மொத்தமே நாப்பது, அம்பது மைக்ரான்தான்" என்று என் மைத்துனன் சொன்னபோது, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அவன் பேச்சு எனக்குப் புரிந்தது. மற்ற எல்லாம் அந்தப் புரிதலால் வந்தவை.

வண்டி ஒரு பழைய சிவப்பு லான்சர். அவன் வீட்டுத் தெருவில் நிறுத்த இடமில்லை என்று என் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினான். அதை ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொல்வான். நான் மறுப்பதில்லை, பெண் எடுத்த வீடு. அவன் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பின்லாந்துக்காரர் டாமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை நான்கு வருடம் தொடர்ந்து உலக ராலி சாம்பியன் பட்டத்தைத் தட்டிச் சென்றது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனில்தான். அதே குடும்பத்து லான்சரை 1998இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நம் திருவள்ளூர் ஆலையில் பூட்டி விற்க ஆரம்பித்தது. மாக்கினன் வண்டிக்கு இரண்டு லிட்டர் டர்போ என்ஜின், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. நம் வண்டிக்கு ஒன்றரை லிட்டர் பெட்ரோல், முன் சக்கரத்துக்கு மட்டும் இழுவை. முகஜாடை ஒன்று, ஜாதகம் வேறு. இன்று அந்த ஆலையிலிருந்து சிட்ரோயன் கார்கள் வருகின்றன. ஆனாலும் லான்சர் என் ஷெட்டுக்கு வந்த அன்று, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணை இறக்குவதுபோல் அவன் அதை மெதுவாக உள்ளே ஓட்டினான்.

வந்ததும் நான் செய்த முதல் வேலை, பெயின்டின் தடிமன் பார்க்கும் கேஜை எடுத்து வந்து உடம்பு முழுக்க வைத்துப் பார்த்தது. இரும்புத் தகட்டின் மேல் எவ்வளவு பூச்சு என்று அது மைக்ரானில் சொல்லிவிடும். கம்பெனி பெயின்ட் என்றால் ப்ரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்து 100, 150க்குள் நிற்கும். பானெட்டில் 118. கூரையில் 112. மைத்துனன் முகத்தில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்த்த களை. இடது பின் கதவில் வைத்தேன். 900 தாண்டியது.

"மெஷின் தப்பு காட்டுது மாமா."

பக்கத்துத் தெரு டிங்கர் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் கேஜைப் பார்க்கவே இல்லை. விரல் மடக்கிக் கதவில் இரண்டு தட்டு தட்டினார். "இன்னா சார், உள்ள பூரா பட்டி. இது கதவு இல்ல, சுவரு." கூடவே ஒரு பாடமும் எடுத்தார். ஆலையில் வெறும் உடம்பை 140 டிகிரி வரை சூடாக்கிச் சுடுவார்கள். ஒயரும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஏறிய பிறகு பெயின்ட் பூத்தில் 60 டிகிரிக்கு மேல் போக முடியாது. அதனால் எத்தனை லட்சம் கொட்டினாலும் கம்பெனி பெயின்ட் திரும்ப வராது. "இருக்கிறத காப்பாத்திக்கோ தம்பி."

அந்த ஒரு வாக்கியத்தை மைத்துனன் உபதேசமாக எடுத்துக்கொண்டான்.

காப்பாற்றுவதற்கு இந்தியாவிலேயே மோசமான இடங்களில் ஒன்று காக்களூர் சிட்கோ. இங்கே இடப்பக்கம் வெல்டிங், வலப்பக்கம் கட்டிங், நடுவில் நான் கிரைண்டிங். காற்றில் பறப்பது தூசி இல்லை, இரும்பு. சூடான துகள் பெயின்டில் போய்ப் பதிந்து, ஒரு மழை பெய்ததும் அங்கேயே துருப்பிடித்து ஆரஞ்சுப் புள்ளியாக முளைக்கும். கழுவினால் போகாது. அதற்கென்று ஒரு திரவம் விற்கிறார்கள். இரும்பைத் தொட்டதும் ஊதாவாக மாறிக் கரைத்துக்கொண்டு ஓடும். கூடவே அழுகின முட்டை வாசனை. சிவப்புக் கார் முழுக்க அதை அடித்துவிட்டு அவன் டீ குடிக்கப் போனான். சாப்பாட்டுக் கூடையோடு வந்த அம்மா, கதவிலிருந்து கருஞ்சிவப்பாக ஏதோ வழிந்து தரையில் ஓடுவதைப் பார்த்து, யாரை இடித்துவிட்டு வந்தான் என்றுதான் முதலில் கேட்டார்.

கழுவும் முறைக்கும் தனி ஆகமம். இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் துணி அலசும் தண்ணீர். ஷாம்பூ வாளிக்கு அழுக்குத் துணி போகக் கூடாது. போர் தண்ணீரை வெயிலில் காயவிடவே கூடாது. அதில் உள்ள சுண்ணாம்பு வெள்ளை வட்டமாகத் தங்கிவிடும். மைக்ரோஃபைபர் துணி கீழே விழுந்தால் அன்றோடு அதற்கு ஆயுள் முடிந்தது. இதெல்லாம் தெரியாத எங்கள் ஃபோர்மேன், பாவம், நல்ல எண்ணத்தில் பனியன் வேஸ்ட்டை எடுத்து பானெட்டில் ஒரு சுற்று துடைத்துவிட்டார். லேத் துடைத்த அதே பனியன் வேஸ்ட். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால் சிலந்தி வலை. சின்ன வயதில் சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் கார்கள் பறந்ததை வேலி ஓரம் நின்று பார்த்தவர் அவர். "அந்த வண்டிங்கள எல்லாம் லுங்கியிலதான் தொடச்சாங்க" என்று இன்றுவரை வாதாடுகிறார்.

சிலந்தி வலையை எடுக்கத்தான் பாலிஷிங். இங்கேதான் என் தொழில் புத்தி விழித்தது. கீறலை யாரும் நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குகிறார்கள். மேடு போனால் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. சர்ஃபேஸ் கிரைண்டிங்கில் நாங்கள் செய்வதும் அதுவேதான். நாங்கள் அதற்குக் காசு வாங்குகிறோம், இவன் காசு கொடுக்கிறான். ஒவ்வொரு பாலிஷுக்கும் ஒன்றிரண்டு மைக்ரான் போகும். கடினமான காம்பவுண்ட் போட்டால் இன்னும் கூட. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சரக்கு அந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. அதை மெலிய விட்டால் சித்திரை வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும், தோல் உரியும். ஆக, மாதாமாதம் அழகு பார்க்கிறவன் வண்டிதான் சீக்கிரம் அசிங்கமாகும். கணக்குப் போட்டுக் காட்டினேன். மைத்துனன் அக்காவிடம் போய், மாமா கண் வைக்கிறார் என்று சொல்லிவிட்டான்.

அப்புறம் வந்தது செராமிக் கோட்டிங். அதற்கு முன்னால் பிரேசிலில் விளையும் ஒரு பனைவகையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகைப் போட்டுப் பார்த்தான். பளபளப்பு பிரமாதம், ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அது சில வாரம்கூட மரியாதையாக நிற்காது. செராமிக் விற்க வந்த பையன் "நைன் ஹெச் ஹார்ட்னஸ் சார்" என்றான். எனக்குத் தெரிந்த ஹார்ட்னஸ் எல்லாம் ராக்வெல் மெஷினில் பார்ப்பது. விசாரித்தால், 9ஹெச் என்பது பென்சில் கணக்கு. பூச்சின் மேல் வகைவகையான பென்சிலால் கீறிப் பார்ப்பார்கள். அதில் மிகக் கடினமானது 9ஹெச். அதற்கும் இந்தப் பூச்சு தாங்குமாம். நல்லதுதான். ஆனால் காக்களூரில் யாரும் காரில் பென்சிலால் எழுதுவதில்லை. தூசியில் விரலால் எழுதுகிறார்கள். விரலுக்கு அடியில் இருப்பது இரும்பு.

போட்டது போட்டதுதான். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. வாட்ச்மேன்கூட ஓய்வு நேரத்தில் ஒரு சொம்பு ஊற்றிப் பார்த்து ரசித்தார்.

ஆயுத பூஜை வந்தது. சிட்கோவில் தீபாவளியைவிட அதுதான் பெரிய நாள். ஒவ்வொரு ஷெட்டிலும் வாழைக்கன்று, பொரி, கடலை, மெஷின் மெஷினாகப் பொட்டு. ஒரே குருக்கள் பல ஷெட்டுக்கு ஓட வேண்டும். அதனால் சந்தனத்தையும் சிக்கனமாக, நீர்க்கக் கரைத்து வைத்திருந்தார். லேத்துக்கு வைத்தார், நின்றது. கம்ப்ரஸருக்கு வைத்தார், நின்றது. லான்சர் பானெட்டின் முன்பக்கம் வைத்தார். சந்தனம் உருண்டு திரண்டு இறங்கி நம்பர் பிளேட்டில் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி இறங்கியது. குருக்கள் என்னைப் பார்த்தார். நான் ஃபோர்மேனைப் பார்த்தேன்.

"சாமி சந்தனமே நிக்கலையேடா" என்றார் அம்மா.

"அத்தை, அதுதான் ஹைட்ரோஃபோபிக்" என்றான் மைத்துனன், பெருமையை அடக்க முடியாமல்.

"எந்தப் பிக்கா இருந்தா எனக்கென்ன? பொட்டு இல்லாம வண்டி வாசல் தாண்டக் கூடாது."

ஹேண்ட்பேகைத் திறந்தார். அரக்குச் சிவப்பில், வெல்வெட் ஸ்டிக்கர் பொட்டு. பெரிய சைஸ். பானெட்டின் நட்டநடுவில் வைத்து, கட்டை விரலால் நன்றாக அழுத்தினார். அது நின்றது.

இரண்டு மழை தாண்டியும் நிற்கிறது. எந்தக் கோட்டிங்கும் தராத உத்தரவாதம். பசையை எடுக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதுமா, போட்டால் அந்த இடத்தில் செராமிக் என்ன ஆகும் என்று மைத்துனன் ஊர் ஊராகப் போன் போட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறான். பாக்கெட்டில் மீதமிருக்கும் பொட்டுகளை அம்மா டாஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறார், ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்று என்று.