வீட்டுக்காரர் கணக்கு

நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவில் ஒருவர், மேல்மாடியில் சும்மா கிடந்த இரண்டு அறைக்கு வெள்ளையடித்து, ‘அறை உண்டு’ என்று பலகை மாட்டுகிறார் என்று வையுங்கள். சிவனொளிபாதமலை சீசன். மஸ்கெலியாப் பக்கம் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அறைக்கு ஆள் வராமலா போகும்? ஆள் வந்த அன்றைக்கே அந்த மாடி ‘முதலீட்டுச் சொத்து’ ஆகிவிடுகிறது. வரி விழும் அளவுக்கு வருமானம் வந்தால், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு நவம்பர் 30க்குள் விவரத்திரட்டு போக வேண்டும்.

சட்டத்துக்குக் கருணையும் உண்டு. வெறும் அறையை வாடகைக்கு விட்டால், வாடகையில் 25 வீதத்தைப் பழுதுபார்ப்புக்கும் தேய்மானத்துக்கும் என்று கழித்துக்கொள்ளலாம். காற்றில் தகரம் பறந்து அதைப்போல இரண்டு மடங்கு செலவானாலும் அதே 25தான். நடுச்சாமத்தில் மலையேறுகிறவர்களுக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொடுத்துக் கவனித்தாலோ, அது தொழில், கணக்கே வேறு. சீசன் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கில் முடியும், வரி ஆண்டு மார்ச் 31இல் முடியும். சமன் தெய்வமே வந்து நின்றாலும் ஒரு சீசனை இரண்டு துண்டாக வெட்டித்தான் எழுத வேண்டும்.

வருமானம் வந்தால் வரி கட்டட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இந்த மலையில் இவரைவிடப் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறாரே, அவருடைய விவரத்திரட்டை யார் பார்த்தது?

அவர் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் என்று சொல்லித் தோட்டங்களைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். 1992இல் அவற்றை 22 கம்பனிகளின் கையில் கொடுத்தார். குத்தகை 2045 வரைக்கும். மலை, கொழுந்து, ஸ்டோர், லயம், அந்த லயத்துக்குள் அன்று சோறு வடித்துக்கொண்டிருந்த சனம், எல்லாம் ஒரே பொட்டலம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தவர்களைக் கூப்பிட்டு, “ஐயா, அம்மா, உங்களை உள்ளே வைத்தே வீட்டைக் குத்தகைக்கு விடுகிறேன்” என்று சொல்லக்கூட இல்லை. கெஹெல்கமு ஓயாவை மறித்து, 1965இல் இங்கே விமலசுரேந்திர மின்நிலையத்தைத் திறந்து, 50 மெகாவாட் மின்சாரம் எடுத்தவரும் இவர்தான். மின்கம்பி தலைக்கு மேலே போனது. லயத்தில் குப்பிலாம்பு எரிந்தது.

2024இல் சர்வதேச நாணய நிதியத்தோடு உட்கார்ந்து இன்னொரு புதுமையும் பேசினார்: சொந்த வீட்டில் குடியிருந்தாலும், அதை வாடகைக்கு விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதை வருமானமாகக் கருதி வரி. 2025 ஏப்ரலுக்கு முன் வருவதாக இருந்தது. கொழும்பு போட்ட கூச்சலில் வரவில்லை. எனக்கென்னவோ அதை லயத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம் என்று ஆசை. வரி போட வேண்டுமென்றாலாவது காம்பரா யாருடையது என்று எழுதியிருப்பார்கள் அல்லவா? 2024 முதல் 18 வயதான எல்லாரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்றார்கள். லயத்துப் பொடியனுக்கும் இலக்கம் வந்துவிட்டது. அவன் படுக்கிற காம்பராவுக்குத்தான் உறுதி இல்லை.

வீட்டைக் காசாக மாற்றத் தெரிந்தவர்கள் மாற்றிவிட்டார்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருந்த துரைமார் பங்களாக்கள் இன்று உல்லாச விடுதி. ஓர் இரவுக்குப் பல நூறு டொலர். ஜன்னலைத் திறந்தால் சரிவில் கூடையோடு பெண்கள் தெரிவார்கள். அந்த அழகுக்குத் தனிக் கட்டணம் இல்லை. அந்த அழகின் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாய் ஆக்க, 2024இல் எத்தனை வர்த்தமானி, எத்தனை வழக்கு! கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மாதம் 25 நாள் பேர் முழுசாக விழுந்தாலும் அந்தக் கணக்கில் வருடத்துக்கு நாலு இலட்சத்து ஐயாயிரம். 2025 ஏப்ரலில் இருந்து வருமான வரி தொடங்குவதே 18 இலட்சத்துக்கு மேல். பாருங்கள், தோட்டத் தொழிலாளிக்கு முழு வரிவிலக்கு! இனியும் குறை சொன்னால் நன்றிகெட்டவர்கள்.

ஆகவே பெரிய வீட்டுக்காரரே, ஒரு தாளை எடுத்து நீங்களும் நிரப்புங்கள். சொத்து வாடகைக்கு மாறிய ஆண்டு: 1992. அப்போது உள்ளே ஆள் இருந்தார்களா? அவர்களிடம் கேட்டீர்களா? ஒழுகும் தகரத்துக்குக் குத்தகைக் காசில் கால்வாசி வேண்டாம், கால்காசாவது செலவழித்தீர்களா? 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி வந்து 10,000 வீடு என்றாரே, அதை உங்கள் செலவில் சேர்க்காதீர்கள், அது அடுத்த வீட்டுக்காரர் காசு.

உறுதியின் பிரதியை இணைக்கவும் என்ற இடத்தில் தயங்க வேண்டாம். ஏழு பேர்ச்சஸ் தருகிறோம், பத்துப் பேர்ச்சஸ் தருகிறோம் என்று தேர்தல் மேடையில் பேசிய ஒலிப்பதிவுகளை இணைத்துவிடுங்கள். எல்லாக் கட்சியினதும் எங்களிடம் இருக்கிறது, எத்தனை பிரதி வேண்டும்?