சாவி விவசாயியிடம், பூட்டு கம்பெனியிடம்

கேள்வி: டிராக்டரைத் தாங்களே பழுதுபார்க்க உரிமை கேட்டு அமெரிக்க விவசாயிகள் போராடுகிறார்களாமே! ஸ்பேனரை எடுக்கக்கூடவா அனுமதி வேண்டும்?

பதில்: ஸ்பேனரை யாரும் பிடுங்கவில்லை, ஸ்பேனரால் மட்டும் வேலை முடிவதில்லை. இன்றைய பெரிய டிராக்டரில் எஞ்சின் முதல் புகை வடிகட்டி வரை எல்லாம் கணினியின் பிடியில். ஒரு சென்சார் கோளாறு சொன்னால் போதும், எஞ்சின் வேகம் இறங்கி வண்டி நொண்டும். விவசாயி புதுப் பாகம் வாங்கி மாட்டினாலும், சில பாகங்களை வண்டியின் கணினி ஏற்க டீலரிடமுள்ள மென்பொருள் வேண்டும். டிராக்டர் தயாரிக்கும் ஜான் டீர் நிறுவனத்தில் அதன் பெயர் 'சர்வீஸ் அட்வைசர்'. அதன் முழு வடிவம் அங்கீகாரம் பெற்ற டீலர்களுக்கு மட்டுமே தரப்படுகிறது என்பதுதான் புகார். டீலரின் ஆள் வந்து சேரும்வரை மழை பொறுக்குமா, விளைந்த கோதுமைதான் பொறுக்குமா?

கேள்வி: காசு கொடுத்து வாங்கியவர்தானே சொந்தக்காரர்?

பதில்: இரும்புக்கு மட்டும். வண்டி இருக்கும் காலம்வரை அதை ஓட்டிக்கொள்ளும் மறைமுக உரிமமே வாங்கியவருக்கு உண்டு என்று 2015-இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் ஜான் டீர் வாதிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், பழுதுபார்ப்பதற்காக மென்பொருள் பூட்டைத் திறக்க விவசாயிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆனால் பூட்டைத் திறக்கும் கருவியை விற்பதற்கான தடை நீங்கவில்லை. நீந்தலாம், குளத்துக்குத்தான் வழி கிடையாது! சில விவசாயிகள் உக்ரைனில் பூட்டு உடைக்கப்பட்ட மென்பொருளை இணையத்தில் தேடிப்பிடித்துப் பயன்படுத்திய செய்தி 2017-இல் வெளிவந்தது. நேர்மையாக உழைப்பவரைக் கள்ளச்சந்தைக்கு அனுப்பும் ஏற்பாடு இது, கொடுமைதான்.

கேள்வி: பூட்டு இருந்தால் திருட்டுப் போகாதே?

பதில்: திருடினாலும் பயன்படாது என்பது உண்மை. 2022-இல் உக்ரைனின் மெலிட்டோபோல் நகரிலிருந்து ரஷ்யப் படையினர் ஏறத்தாழ 50 லட்சம் டாலர் பெறுமான ஜான் டீர் இயந்திரங்களைச் செச்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். தொலைவிலிருந்தே அவை முடக்கப்பட்டன. திருடர்கள் ஏமாந்தது மகிழ்ச்சி. ஆனால் திருடனைத் தடுக்கும் பூட்டு சொந்தக்காரரையும் சேர்த்துத் தடுக்க வேண்டிய அவசியம் என்ன?

கேள்வி: பழைய டிராக்டருக்கு அங்கே மவுசு கூடியிருக்கிறதாமே?

பதில்: கூடாமல் இருக்குமா? கணினி இல்லாத 1979-ஆம் ஆண்டு மாடல் ஒன்று ஏலத்தில் 61,000 டாலருக்குப் போயிருக்கிறது.

கேள்வி: அரசு ஏதாவது செய்ததா?

பதில்: கொலராடோ மாநிலம் முதலில் விழித்துக்கொண்டது. பாகம், கருவி, மென்பொருள், கையேடு எல்லாவற்றையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் நியாயமான விலையில் தர வேண்டும் என்று 2023-இல் சட்டம் போட்டது. அது 2024 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், சில மாநிலங்களையும் சேர்த்துக்கொண்டு ஜான் டீர் மீது வழக்குப் போட்டது. அந்த ஆண்டே, டிராக்டர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 195 டாலர் கட்டணத்தில் விவசாயிகளுக்கென்று ஒரு பழுதுகாணும் மென்பொருளை நிறுவனம் கொண்டுவந்தது. பூட்டு லேசாக அசைகிறது. ஆனால் வாங்கிய வண்டியின் நோயை அறிய ஆண்டுதோறும் காசு கட்டச் சொல்வது நியாயமே இல்லை.

கேள்வி: நமக்கு இதில் என்ன?

பதில்: 2022 ஜூலையில் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று அமைத்த குழு முதலில் எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் உண்டு. நம் வண்டிகளிலும் சென்சார்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. புது டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் தள்ளுபடியைக் கேட்கும் முன், ஊர்ப் பட்டறையில் வண்டியைப் பழுதுபார்க்கக் கையேடும் கருவியும் கிடைக்குமா என்று டீலரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.