வீட்டுக் கணினியின் திடீர் மறைவு: ஒரு திணையியல் ஆய்வு

ஜவ்வாது மலை குறிஞ்சி நிலம். குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். அப்படியிருக்க, ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து வீடுகளில் கணினி பாதி வேலையில் பிரிந்து போவது ஏன்? பிரிவு பாலைக்கு உரியதாயிற்றே! இந்த ஐயத்தைத் தீர்க்கவே இவ்வாய்வு. இத்துறையில் இதுவரை வழங்கும் கோட்பாடு ஒன்றே: "வைரஸ் புகுந்திருக்கும்." மவுஸ் ஓடாவிட்டாலும் இதையே சொல்வர் ஆதலின், கொள்ளற்பாலது அன்று.

ஆய்வு நெறி இதே மலையில் கிடைக்கிறது. 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போவதைக் காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோள் வந்து சேரும் முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் குறைந்து மீண்டது. யாரும் எதிர்பாராத அணைவு. பார்த்தவர்கள் கருவியின் தலையில் தட்டவில்லை, நேரத்தைக் குறித்தார்கள். புதிய துணைக்கோள் என்று முதலில் கருதப்பட்டது, பிறகு வளையம் என்று தெளிந்தது. காரணம் தவறினாலும் நேரம் தவறவில்லை. ஆகவே நம் துணிபு: அணைந்தது எப்போது என்று கேட்க, ஏன் என்பது பின்னால் வரும். பொழுதை முதற்பொருளில் சேர்த்த இலக்கணத்தார் யுபிஎஸ் வைத்திருந்ததற்குச் சான்றில்லை. இருந்தும் விவரம் தெரிந்தவர்கள்.

பாலைக்குப் பொழுது நண்பகல், பருவம் வேனில். கணினி கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடி, கேம் போட்டதும் அணைகிறது; உடனே போட்டால் இன்னும் சீக்கிரம் அணைகிறது; ஆறவிட்டால் ஓடுகிறது. இது வெப்பம். பிராசசர் நூறு டிகிரி செல்சியஸை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். மலை குளிர்ந்தது அன்றோ எனின், பெட்டிக்குள் மலை இல்லை என்க. சாமை புடைக்கும் வீட்டில் உமித்தூசி ஹீட்சிங்குக்குக் கம்பளியாகிவிடும். பரிகாரம்: பிளக்கைப் பிடுங்கி, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தூசி தட்டல், காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பயறளவு வைத்தல். பற்பசையே போதும் என்பாரும் உளர். அவர்தம் கணினிகள் இன்று இல.

முல்லைக்கு மாலை. ஊரெல்லாம் விளக்கும் டிவியும் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். காட்டு வழியே வரும் மின்கம்பியில் கிளை உரசினால் கரண்ட் இமைப்பொழுது போய்வரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்று 20 மில்லி வினாடி. முழுச் சுமையில் எஸ்.எம்.பி.எஸ். தாக்குப்பிடிப்பதோ 16, 17 மட்டுமே. ஒரு சுற்று தவறினால் கணினி விழுந்துவிடும், சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். "கரண்ட் போகவே இல்லையே" என்று வீட்டார் சாதிப்பது இதனால்தான். யுபிஎஸ் இருந்தும் அணைந்தால் அதன் பேட்டரி செத்தது; பச்சை விளக்கை உயிர்க்குறியாகக் கொள்ளற்க. ஊர் உறங்கியபின் வோல்டேஜ் ஏறி, கணினி கூடியிருந்து குலாவுவதை நோக்க, குறிஞ்சிக்கு யாமம் வகுத்தது சாலப் பொருத்தம்.

பொழுது நினைவில்லாதார் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 6008 என்ற எண்ணுள்ள பதிவைப் பார்க்கலாம். எதிர்பாராமல் அணைந்த நேரத்தை அது சொல்லும், காரணத்தை வாய்விடாது.

விடியலில் ஆன் ஆக மறுப்பது மருதத்து ஊடல். ராமைக் கழற்றி, முனைகளை ரப்பரால் தேய்த்து மாட்டுக. வாயிலாகத் திருப்பத்தூர் மெக்கானிக்கை அழைப்பதும் மரபு. அவர் படியேறியதும் ஊடல் தானே தீர்ந்து கணினி நல்ல பிள்ளையாக ஓடும்; பெட்ரோல் காசு கொடுத்தாகவேண்டும்.

எஞ்சியது நெய்தல், இரங்கல். கடலில்லா மலையில் அது எங்ஙனம் எனின், பேக்கப் எடுக்காத வீடுகளில் என்க.