எட்டுச் சுரைக்காய்

ஏனம்மிணி, ஆடி மாசத்துல நம்மூர்ல பொண்ணுப் பாக்கறதில்லை, புது ஊட்டுக்குப் பால் காய்ச்சறதில்லை. உங்க பாலக்காட்டுப் பக்கமும் கர்க்கடகம்னு சொல்லி நல்ல காரியத்துக்கு நகர மாட்டாங்க. அந்த மாசத்துலதான் உனக்குப் பைக் டெஸ்ட்டுக்குத் தேதி குடுத்திருக்கறாங்களாமா. அதுவும் 2024 ஆகஸ்ட் 1-க்கு அக்கட்டால, எம்.80 வண்டியை டெஸ்ட்டுல ஓரங்கட்டுன பொறகு. சர்க்கார் நல்லா நாள் பாத்துத்தான் வெச்சிருக்குது!

“ஒரு வாரம் முந்திக் கெடச்சிருந்தா எம்.80-லயே எட்டுப் போட்டு முடிச்சிருப்பேன் அப்புச்சி”ன்னு போன்ல மூக்கைச் சிந்தறே. எனக்கும் வருத்தந்தான் கண்ணு. எம்.80 மாதிரி வண்டி உண்டா? மீன்காரன் பொட்டி கட்டி மேடேறுன வண்டி. பஜாஜ் கம்பெனிக்காரன் அதைச் செய்யறதை நிறுத்தி வருசக்கணக்காச்சு. ரோட்டுல ஒண்ணைக் கண்டுபுடிக்கறதுக்குள்ள கண்ணு பூத்துப் போயிரும். ஆனா கேரளத்து டெஸ்ட் மைதானத்துக்குப் போனா வரிசையா நின்னுட்டிருந்துச்சு. கடையில வாங்க முடியாத வண்டியில ஓட்டிக் காட்டி, கடையில விக்கற வண்டியை ஓட்டறதுக்கு லைசென்ஸ் வாங்கறது. இத்தனை வருசம் நல்லாத்தான் நடந்துட்டிருந்துச்சு. கேரளத்துப் போக்குவரத்து மந்திரி கணேஷ் குமாருக்குத்தான் பொறுக்கலை.

எம்.80-க்குக் கியர் இடது கையில. கிளச்சைப் புடிச்சுத் திருகுனா விழுந்துரும், காலுக்குச் சோலியே இல்லை. உசரமும் கம்மி, கனமும் கம்மி. ஒரே கியர்ல கம்பிக்கு நடுவுல ஒரு எட்டைச் சுத்தி வந்துட்டா, கியர் வெச்ச மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவன்னு அட்டை குடுத்துட்டிருந்தாங்க. அந்த அட்டையை வெச்சுட்டு அடுத்த நாளே 350 சி.சி. புல்லட்டுல ஏறி உக்காரலாம். சட்டம் ஒண்ணும் கேக்காது. புல்லட்டுதான் கேக்கும்.

உங்கப்பாவும் அப்படி வாங்குனவருதான். மாப்பிள்ளையைக் குத்தஞ் சொல்றேன்னு நெனச்சுக்காதே, அவரு மேல எனக்கு மரியாதை எச்சு. இன்னைக்கும் அவரு பைக்கை எடுத்தாருன்னா கொழிஞ்சாம்பாறையில போட்ட ரெண்டாங் கியரைக் கோபாலபுரம் செக்போஸ்ட் வரைக்கும் மாத்த மாட்டாரு. எஞ்சின் கத்தறது நம்ம களத்துக்கே கேக்கும். உங்கம்மாயி அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கோழி புடிக்கவே கெளம்புவா. காலுல கியர் இருக்கறதை அவருகிட்ட யாராச்சும் சொன்னாத் தேவல. நான் சொன்னா மாமனாரு ரவுசு பண்றாருன்னு ஆயிரும்.

சரி, புதுச் சட்டத்துக்கு வருவோம். 2024 பிப்ரவரியில உத்தரவு போட்டாங்க. டெஸ்ட்டுக்குக் கொண்டுட்டு வர்ற பைக்குக்குக் கியர் காலுலதான் இருக்கோணும், எஞ்சின் 95 சி.சி.க்குக் கொறையப்படாது. எம்.80 எஞ்சின் 75 சி.சி. பக்கந்தான். ரெண்டு பாடத்துலயும் பெயில். அப்பறம், எட்டு மைதானத்துல, ரோடு டெஸ்ட்டு நெசமான ரோட்டுல. இதைக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பு அடங்கலை. ரோடு டெஸ்ட்டை ரோட்டுல வெக்கோணும்னு ஒரு சர்க்கார் உத்தரவு போட வேண்டியிருக்குதுன்னா, அதுவரைக்கும் எங்க வெச்சுட்டிருந்தாங்க? மைதானத்துலயேதான் சாமி. அங்க நாயி குறுக்க வராது, மாடு நடுவுல படுக்காது, உங்க சித்தூர்க் கள்ளு வண்டி எதுக்கால வராது. அப்படியொரு ரோடு இருந்தா நானும் அங்கயே குடி போயிருவேன்.

இன்னொரு சங்கதி கேளு. ஒரே நாள்ல நூறு பேத்துக்கு மேல டெஸ்ட் வெச்சு லைசென்ஸ் குடுத்த பிரேக் இன்ஸ்பெக்டருங்க இருந்தாங்களாமா. மந்திரிக்குச் சந்தேகம் வந்துருச்சு. ஏப்ரல் கடேசியில அவங்களைத் திருவனந்தபுரம் முட்டத்தறை மைதானத்துக்கு வரச்சொல்லி, எப்படி வெக்கறீங்க, எங்க கண்ணு முன்னால வெச்சுக் காட்டுங்கன்னுட்டாங்க. பரீட்சை வெக்கறவங்களுக்கே பரீட்சை! நான் அஞ்சாங் கிளாசைத் தாண்டாதவன். இருந்தாலும் விரலை மடக்கிப் பாத்தேன். ஆறு மணி நேரம் வெய்யில்ல நின்னா 360 நிமிசம். நூறு பேருன்னா ஆளுக்கு மூணரை நிமிசம். பேரு கூப்புட்டு, காயிதம் பாத்து, ஹெல்மெட் மாட்டறது போக மிச்சத்துல எட்டுல பாதிதான் போட முடியும். எட்டை நடுவுல வெட்டுனா என்ன வரும்? பூச்சியம்.

அதனால ஒரு நாளைக்கு 30 பேருதான்னு கட்டுப்பாடு போட்டாங்க. மே மாசம் டிரைவிங் ஸ்கூல்காரங்க மைதானத்தை மறிச்சு உக்காந்துட்டாங்க. அவங்களையும் குத்தஞ் சொல்ல முடியாது. இருக்கற வண்டியைத் தள்ளி உட்டுட்டுப் புதுசு வாங்கோணும்னா காசு வானத்துலிருந்தா விழுகும்? பேச்சுவார்த்தை நடந்து 30-ஐ 40 ஆக்குனாங்க, எம்.80-க்கும் ஆடி பாதி வரைக்கும் உசுரை நீட்டுனாங்க. இப்ப உனக்கு எத்தனை நிமிசம் கெடைக்கும்? என்ற கணக்குப்படி ஒம்பது. மூணரை நிமிசத்துல தெரியாத லட்சணமெல்லாம் ஒம்பது நிமிசத்துல தெரிஞ்சு போயிரும். அதுதான் உனக்குப் பயம், தெரியுது.

ஜூன் மாசம் ஆனவண்டிக்காரங்களே, அதான் கேரளத்து சர்க்கார் பஸ்காரங்களே, திருவனந்தபுரத்துல டிரைவிங் ஸ்கூல் தொறந்துட்டாங்க. தொறந்தப்ப டூவீலருக்கு 3,500 ரூவா. பஸ்ஸுக்காரன்கிட்டப் பைக் கத்துக்கறதான்னு மூஞ்சியைச் சுளிக்காதே. பஸ்ஸை ஒட்டிப் போற பைக்கு டிரைவர் கண்ணுக்குத் தெரியாதுன்னு அவனுக்குத்தானே தெரியும்? பைக்குக்காரனுக்குத் தெரிஞ்சிருந்தா இடதுபக்கம் பொந்துக்குள்ள நொழையற மாதிரி நொழைவானா?

இதையெல்லாம் கேட்டுட்டு, அப்புச்சி எட்டே வேண்டாம்னு சொல்றாருன்னு எடுத்துக்காதே. வெசையாப் போனா வண்டி தானா சாயாம நிக்கும். பையப் போறப்பத்தான் நீ அதைச் சாயாம நிறுத்தோணும். பாதிக் கிளச்சுல புடிச்சு, பின் பிரேக்கை லேசா மிதிச்சு, கண்ணைக் கம்பி மேல வெக்காம அடுத்த வளைவு மேல வெக்கோணும். கம்பியைப் பாத்தீன்னா வண்டி கம்பிக்குத்தான் போகும். சந்தைக் கூட்டத்துல, இட்டேரியில எதுக்க ஒரு மாட்டு வண்டி வர்றப்ப, இந்த வித்தை வேணும். அதுக்காகத்தான் எட்டை வெச்சான். நம்மாளுங்க அதைக் கல்யாணத்துல பட்டப்பகல்ல அருந்ததி காட்டற மாதிரி ஆக்கிட்டாங்க. காட்டறவரும் அண்ணாந்து பாப்பாரு, பொண்ணு மாப்பிள்ளையும் அண்ணாந்து பாப்பாங்க, தெரிஞ்சுதான்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. புதுச் சட்டம் பண்ணுன ஒரே காரியம், தெரிஞ்சுதான்னு கேட்டது.

கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வாங்குனாப் போதும், பொட்டப்புள்ளைக்குக் கியர் எதுக்குன்னு உங்கப்பா சொன்னாராமா. அவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அவரே கியரைத் தொடறதில்லையே!

நீ அதைக் காதுல போட்டுக்காம, காலுல செருப்பு இல்லாம ஷூ மாட்டிட்டுப் போ. கியரை ஒண்ணு ரெண்டுன்னு மேல தட்டறதை எல்லாரும் கத்துக்கறாங்க. நிக்கறதுக்கு முந்திக் கீழ எறக்கறதைத்தான் ஒருத்தனும் கத்துக்கறதில்லை. சிக்னல்ல மூணாங் கியர்ல நின்னுட்டு, பச்சை விழுந்ததும் வண்டி பொசுக்குனு அணைஞ்சு போயி, பின்னால இருக்கறவன் ஆரனை அமுக்கறது எதனாலங்கறே? பிரேக்கு ரெண்டையும் சேத்துப் புடி. மணல் கெடந்தா முன் பிரேக்கை வெடுக்குனு புடிக்காதே. திரும்பறதுக்கு முந்திக் கண்ணாடியைப் பாரு. மூஞ்சியை இல்லை, பின்னால வர்றவனை.

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. பாலக்காட்டுக் கணவாய்க்குள்ள அது பழமொழி இல்லை, தினப்படி சேதி. நீ அம்மியை விடக் கனம் கம்மி. காத்து பக்கவாட்டுல அடிக்கறப்ப ஹேண்டில்பாரை இறுக்கிப் புடிக்காதே, கை தளர்வா இருக்கட்டும், வெசையைக் கொறை. பஸ்ஸுக்குப் பக்கத்துல போறப்பக் காத்து மறைஞ்சிருக்கும், தாண்டுனதும் படார்னு அறையும். இந்தப் பாடம் எட்டுல வராது. ரோட்டுல டெஸ்ட் வெச்சா, இன்ஸ்பெக்டர் சொல்லாமயே காத்து சொல்லிக் குடுத்துரும்.

பெயிலானா மானம் போச்சுன்னு அழுகாதே. ஏழு நாள் கழிச்சு மறுக்கா போலாம். மூணு தடவை பெயிலானாத்தான் 60 நாள் காத்திருக்கோணும். உன்னைப் பெயிலாக்கற இன்ஸ்பெக்டர் உனக்கு எதிரி இல்லை கண்ணு. அவரு ஒம்பது நிமிசம் உன்னையே பாக்கறாரு. கஞ்சிக்கோட்டு ரோட்டுல லாரிக்காரன் உன்னை ஒரு நொடி பாத்தாலே பெருசு. அவன் பெயிலாக்குனா ஏழு நாள் கழிச்சு வான்னு சொல்ல மாட்டான்.

பாஸாயிட்டீன்னா, ஊர் வழக்கம் ஒண்ணு இருக்குது, தெரிஞ்சு வெச்சுக்கோ. கண்ணாடியைக் கழட்டி ஊட்டுல வெச்சுரோணும். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்கு மேல கவுத்தோணும். டாங்குக்கு மண்டையில அடிபட்டா யாரு பதில் சொல்றது? 2022-ஆம் வருசம் நம்ம தேசத்துல ரோட்டு விபத்துல போனவங்க 1,68,491 பேரு. அதுல நூத்துக்கு 44 பேத்துக்கு மேல ரெண்டு சக்கரத்துல போனவங்க. ஹெல்மெட் போடாமப் போய்ச் சேந்தவங்க மட்டும் 50,029. இது மத்திய சர்க்கார் புஸ்தகத்துல இருக்கற கணக்கு. அந்த வருசம் விபத்து எண்ணிக்கையில தேசத்துக்கே மொத எடம் எந்த மாநிலம்? நம்ம தமிழ்நாடுதான், 64,105. நாங்களும் எட்டுப் போட்டுத்தான் லைசென்ஸ் வாங்குறோம், சந்தேகப்படாதே.

இப்ப ரகசியத்துக்கு வர்றேன், காதைக் குடு. இந்தச் சட்டம் கறாரா இருக்கறது உன்னை மாதிரிப் புதுசா வர்ற புள்ளைகளுக்குத்தான். ஏற்கெனவே அட்டை வெச்சிருக்கறவங்களை ஒருத்தரும் மைதானத்துக்குக் கூப்புடலை. லைசென்ஸ் தேதி முடிஞ்சாலும், ஒரு வருசத்துக்குள்ள புதுப்பிச்சா மறுக்கா ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. நாப்பது தாண்டுனவங்கன்னா டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கோணும், அவ்வளவுதான். கண்ணு தெரியுதான்னு பாப்பாங்க. ஓட்டத் தெரியுதான்னு கேக்க மாட்டாங்க. ஆகமொத்தம், நீ காலுல கியர் போட்டு, நெசமான ரோட்டுல பாஸாகி வெளிய வந்தா, உன்னைச் சுத்தி ஓட்டறவங்க பூராவும் மூணரை நிமிசத்துல பாஸானவங்கதான். அதனால லைசென்ஸ் கைக்கு வந்ததும் எல்லாரும் நம்மளை மாதிரியே பரீட்சை எழுதுனவங்கன்னு நம்பி ஓட்டாதே. நம்பாம ஓட்டறவங்கதான் கெழவியாகற வரைக்கும் ஓட்டுவாங்க.

அந்தச் செவப்பு ‘எல்’ ஸ்டிக்கரையும் கிழிச்சு எறிஞ்சுராதே. அலுங்காம உரிச்சுக் கொண்டுபோயி உங்கப்பா வண்டிப் பின்னால ஒட்டிரு. எதுக்குன்னு கேட்டா, காத்துல பறந்து வந்து ஒட்டிக்கிச்சுன்னு சொல்லு. ஆடி மாசந்தானே, நம்புவாரு.

இன்னொண்ணும் பண்ணலாம். டெஸ்ட் முடிஞ்சு மைதானம் காலியானதும், “அப்பா, நீங்க அந்தக் காலத்துல ஒரே தடவையில பாஸானவராமா, எனக்கு ஒரு எட்டுப் போட்டுக் காட்டுங்க”ன்னு கெஞ்சிக் கேளு. பெருமைக்கு ஏறீருவாரு. பைக்கு காலுக் கியர் வண்டியா இருக்கட்டும். மாப்பிள்ளை நல்லபடியாப் போட்டு முடிச்சாருன்னா எனக்குப் போன் போடு, மாமனாரு கை தட்டுனாருன்னு சொல்லு. கம்பியில போயி இடிச்சாருன்னா என்னை எதுக்குத் தொந்தரவு பண்றே? நேரா உங்கம்மாவுக்குப் போடு.