மூளையிலிருந்து மூக்கு நுனிக்கு

எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் வல்லாரை தானாகப் படர்ந்து கிடக்கும். யாரும் நட்டதில்லை, யாரும் விற்றதுமில்லை. ஆடு மேய்ந்தது போக மிச்சம் எங்களுக்கு. மார்ச் மாதம் வந்தால் அப்பாயி அதை மடி நிறையப் பறித்து வந்து, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளியோடு வதக்கி அம்மியில் வைத்து அரைத்துவிடுவாள். கணக்குப் பரீட்சை முடிகிறவரை வீட்டில் வேறு தொட்டுக்கை கிடையாது. "தின்னுடா, படிச்சது உள்ள நிக்கும்" என்பாள். படித்திருந்தால்தானே நிற்பதற்கு! இந்த நுணுக்கத்தை மூலிகையும் கவனிக்கவில்லை, அப்பாயியும் கவனிக்கவில்லை.

அப்பாயி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் அவள் கட்சியில் சரகர் இருந்தார். அறிவை வளர்க்கும் மேத்ய ரசாயனங்கள் என்று சரக சம்ஹிதை சொல்லும் நான்கில் ஒன்று மண்டூகபர்ணி. நம் வல்லாரைதான். சாறு பிழிந்து குடிக்கச் சொல்கிறது. (பிரம்மி என்று கேட்டால் சில ஊரில் இதைத் தருவார்கள், சில ஊரில் நீர்ப்பிரமியைத் தருவார்கள். ஞாபகசக்திக்கான மூலிகை எது என்பதிலேயே இவ்வளவு மறதி.)

இப்போது வல்லாரை என் மகளின் மேசைமேல் இருக்கிறது, கண்ணாடிக் குப்பியில், கொரியாவிலிருந்து வந்து. பெயர் சிக்கா. விலையைக் கேட்டேன். அந்தக் காசுக்கு அப்பாயி வாய்க்காலையே பேரம் பேசியிருப்பாள். முகத்தில் தடவி, விரலால் தட்டி, காயவிட்டு, அதன்மேல் இன்னொன்றையும் தடவுகிறாள்.

"என்னம்மா இது?"

"சென்டெல்லா ஏசியாட்டிக்காப்பா. ஸ்கின்னை ரிப்பேர் பண்ணும்."

"இது நம்ம வல்லாரை."

"சும்மா இருங்கப்பா. உங்களுக்கு எல்லாமே நம்ம ஊர்துதான்."

நியாயமாகப் பார்த்தால் சாட்சி பலம் அவள் பக்கம்தான். 1940-களில் மடகாஸ்கரில் இருந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்த இலையிலிருந்து ஏசியாட்டிகோசைடைப் பிரித்தெடுத்து, தொழுநோய்ப் புண்களுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். தோலில் கொலாஜன் உண்டாவதைத் தூண்டிப் புண்ணை ஆற்றுகிறது என்றதும் அது களிம்பானது. கொரிய வீடுகளில் முழங்கால் சிராய்ப்புக்குப் போடும் மருந்தானது. அங்கிருந்து அழகு சாதன அலமாரிக்கு ஏறிவிட்டது. ஞாபகசக்திக்கு இத்தனை கெட்டியான அத்தாட்சி கிடையாது. என் மதிப்பெண் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அப்பாயியின் வழக்கு தோற்கத்தான் செய்யும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளைச் சந்தைக்குக் கூட்டிப்போய், கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு வல்லாரை வாங்கிக் கையில் கொடுத்தேன். இலையை விரித்துப் பிடித்துக்கொண்டு, போனில் அந்தக் குப்பியின் படத்தைப் பெரிதாக்கி ஒப்பிட்டாள். அசந்துபோனாள் என்றுதான் நினைக்கிறேன், காட்டிக்கொள்ளவில்லை.

"இதை அரைச்சு முகத்துல போடலாமாக்கா?"

கீரைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முகத்துக்கா? அதுக்குக் குப்பைமேனி வாங்கிக்கோ பாப்பா. இது பரீட்சை எழுதுற பிள்ளைங்களுக்கு."