பவுன் கணக்கில் தூண்டில்: வடசென்னைக் கடலோரத்தில் கோல் மெலிதல் குறித்த ஓர் ஆய்வு

முனைவர் பட்டம் வாங்கப்படாத பொருள்கள் அருகிவரும் காலம் இது. சிலப்பதிகாரச் சிலம்பு தொடங்கி சீரியல் மாமியார் வரை எல்லாம் பதிவாகிவிட்டன. கடல் மீனைப் பிடிக்க எவ்வளவு மெலிந்த கோல் போதும் என்பது மட்டும் எந்தப் பல்கலைக்கழகத்தின் கண்ணிலும் படாமல் தப்பிக் கிடந்தது. அக்குறை இங்கே நீக்கப்படுகிறது.

ஆய்வு எல்லை வருமாறு: தெற்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம், வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம், கிழக்கே கடல், மேற்கே கன்டெய்னர் லாரி. கடலரிப்பைத் தடுக்க அரசு கருங்கல்லில் கொட்டிவைத்திருக்கும் தூண்டில் வளைவுகள் டன் கணக்கில் வருவதால், எடை குறைந்த தூண்டில் பற்றிய இவ்வாய்வில் அவை சேரா. ஆய்வாளர் உட்கார மட்டும் பயன்பட்டன.

முதலில் அயல்நாட்டுக் கொள்கை. முள்ளில் இறகும் மயிரும் கட்டிப் பூச்சி போலவோ மீன்குஞ்சு போலவோ செய்து, அதை நீண்ட கோலால் வீசி மீனை ஏமாற்றுவதை ஃப்ளை ஃபிஷிங், அதாவது பூச்சித் தூண்டில் என்பார்கள். இந்தப் போலி இரைக்கு எடை கிடையாது. நம்மூரில் ஈயக்குண்டு செய்கிற வேலையை அங்கே கயிறு செய்கிறது. தடித்த பூச்சுக் கயிறு காற்றில் சுருண்டு நிமிரும்போது அதன் கனமே இரையை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கோலுக்கு எண் கொடுப்பதும் அதற்குப் பொருந்தும் கயிற்றின் முதல் 30 அடியை நிறுத்துப் பார்த்துத்தான். அளவை, கிரெய்ன். 12ஆம் எண்ணுக்கு 380 கிரெய்ன், 10க்கு 280, 8க்கு 210, 5க்கு 140.

இந்தக் கிரெய்ன் கணக்கு வண்ணாரப்பேட்டையில் செல்லாது. எனவே ஆய்வாளர் இதை எட்டு கிராம் பவுனுக்கு மாற்றினார். 12ஆம் எண் கயிறு மூன்று பவுனும் கொஞ்சமும். 10ஆம் எண் இரண்டேகால் பவுன். 8ஆம் எண் ஒன்றேமுக்காலுக்குச் சற்றுக் கீழே. 5ஆம் எண் ஒரு பவுனும் ஒரு கிராமும். கல்யாணப் பேச்சில் ஒருமுறையாவது உட்கார்ந்த எவருக்கும் இனி விளக்கம் தேவைப்படாது. இந்தச் சீர்திருத்தம் ஒன்றுக்கே பட்டம் தரலாம் என்பது ஆய்வாளரின் அடக்கமான கருத்து.

உப்புத் தண்ணீரில் இந்தக் கலையை வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். ஜோ புரூக்ஸ் 1950இல் இதற்கென்று தனி நூல் எழுதினார். லெஃப்டி கிரே 1974இல் இன்னொன்று. பெரிய டார்பன் மீனுக்கு மூன்று பவுன் கோல், சிறிய மீனுக்கு ஒன்றேமுக்கால் என்று ஒரு சம்பிரதாயம் படிந்தது. பிறகு அங்கேயே ஒரு கட்சி கிளம்பி, ஒரு பவுன் போதும் என்றது. கை வலிக்காது, கயிறு சத்தமில்லாமல் விழும், சின்ன மீனும் பெரிய மீன் மாதிரி இழுக்கும் என்பன அவர்கள் சொல்லும் காரணங்கள். எதிர்க்கட்சியோ, காற்றடித்தால் உன் ஒரு பவுன் எங்கே போகும், மீனை நெடுநேரம் அலைக்கழித்தால் திரும்ப விட்ட பிறகும் செத்துப்போகுமே என்று கேட்கிறது. இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

நமக்கும் இதில் பாத்தியதை உண்டு. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹெச். எஸ். தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற தூண்டில் நூலை வெளியிட்டார். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே பெரும்பாணாற்றுப்படை பாணர்களின் நீண்ட மூங்கில் தூண்டிலைச் சொல்லிவிட்டது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் நூல் அது. ஆகவே நம்முடைய தொண்டை மண்டலத்துச் சான்று. அதில் முள்ளிலிருந்த இரையைக் கவ்வித் தப்பிய வாளை மீன் ஒன்று, கரையோரப் பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடுவதைக் கண்டு, தூண்டில் கோல்தான் மறுபடி வந்துவிட்டது என்று நடுங்குகிறது. கோல் தடித்தால் நிழல் தடிக்கும், நிழல் தடித்தால் மீன் ஓடும். மெல்லிய கோல் கட்சிக்கு இதைவிடப் பழைய ஆதாரம் அமெரிக்காவில் கிடைக்காது.

திருவொற்றியூர்க் கடற்கரையில் கோலோடு நின்றவர்களில் மூத்தவர் பட்டினத்தார். காவிரிப்பூம்பட்டினத்துக் கடல் வணிகர். காதறுந்த ஊசியால் துறவு கொண்டவர். அவர் கையிலிருந்தது பேய்க்கரும்பு. நுனி இனிக்கும் ஊரில் முத்தி என்று அவருக்குச் சொல்லப்பட்டது, ஒற்றியூரில் இனித்தது என்பது கதை. அவர் சமாதியும் இங்கேதான் இருக்கிறது. கரும்பின் எடை எங்கும் பதிவாகவில்லை. அவர் மீன் பிடிக்கவும் இல்லை. இருந்தாலும் சான்றுப் பட்டியல் நீளமாக இருப்பது நல்லதென்று நெறியாளர்கள் சொல்வார்கள்.

இனி களஆய்வு. பூச்சித் தூண்டிலை முன்னால் வீசுமுன் பின்னால் வீச வேண்டும். 30 அடிக் கயிறும் அதன் நுனியில் முடிந்த நரம்பும் முதுகுக்குப் பின்னே நேராக நீள இடம் வேண்டும். அமெரிக்க நூல்களில் பின்னால் இருப்பது வெறும் மணல். இங்கே பின்னால் இருப்பது எண்ணூர் விரைவுச் சாலை. அதில் துறைமுக வாசலை நோக்கி வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்கள். சுமை ஏற்றிய கன்டெய்னர் 30 டன் வரை வரும். உலகச் சாதனை விதிப்படி நுனி நரம்பு 10 கிலோவுக்கு மேல் தாங்கக் கூடாது. கச்சான் காற்றில் வீசினால் கயிறு கடலுக்குப் போகும். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிட்டால், ஒரு பவுன் கயிறு வீசியவர் காதுக்கே திரும்பி வரும். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்த பெரியவர் கோலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ஒட்டடை அடிக்க வந்தியா?" என்று கேட்டார்.

இவ்வாய்வின் திருப்புமுனை அவர் கையில் இருந்தது. ஒரு தண்ணீர் பாட்டில், அதில் சுற்றிய தங்கூசி நரம்பு, ஒரு ஈயக்குண்டு, முள்ளில் இறால் துண்டு. கோல் இல்லை. விரலில் மட்டும் சைக்கிள் டியூப் துண்டு மாட்டியிருந்தார், நரம்பு அறுக்காமலிருக்க.

இயற்பியல் இதை ஒப்புக்கொள்கிறது. கோல் ஒரு நெம்புகோல். அதன் நீண்ட கை மீன் பக்கம் இருப்பதால் ஆதாயம் மீனுக்கு. ஒன்பது அடிக் கோலின் நுனியில் மீன் ஒரு கிலோ இழுத்தால், அடிக்கட்டையை வயிற்றில் ஊன்றி ஓரடி மேலே பிடித்திருப்பவர் ஒன்பது கிலோவைத் தாங்க வேண்டும். மெல்லிய கோல் அதிகம் வளைவதால் நெம்புகோல் குட்டையாகி அந்தச் சுமை குறைகிறது. வளைய வளையக் குறைந்துகொண்டே போய்க் கோலே இல்லாத நிலையில் ஒரு கிலோ ஒரு கிலோவாகவே கைக்கு வந்துசேர்கிறது. நிழலும் இல்லை, பின்வீச்சும் இல்லை, டிரெய்லர்கள் பிழைத்தன. அமெரிக்கர்கள் எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கலாமா என்று விவாதிக்கும்போது, காசிமேடு பூஜ்யத்தில் உட்கார்ந்து கிழங்கானும் கெளுத்தியும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

புறத்தேர்வாளர் இங்கே தொண்டையைக் கனைப்பார். ஈயக்குண்டு கட்டினால் அது பூச்சித் தூண்டிலே அல்ல, இறால் துண்டு போலி இரையும் அல்ல என்பார். இரண்டும் சரி. 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கமும் ஆறடிக்குக் குறைந்த கோலைப் பூச்சித் தூண்டில் சாதனைக்கு ஏற்பதில்லை. கோலே இல்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடும். பிடித்த மீனை முத்தமிட்டுத் திரும்ப விடும் அவர்கள் வழக்கத்தைப் பெரியவருக்கு விளக்கியதில் கிடைத்த பதில்: "வுடறதுக்கு இன்னாத்துக்குப் புடிக்கணும்?" அலைக்கழித்த மீன் பிழைக்குமா என்ற எதிர்க்கட்சியின் கவலையும் இதோடு தீர்கிறது. குழம்பில் அந்தப் பிரச்சினை எழுவதில்லை.

பூஜ்யத்தோடு நிறுத்த ஆய்வாளர் நினைத்திருந்தார், எண்ணூர் விடவில்லை. அங்கே கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றை விரலால் துழாவி, இறாலை வெறுங்கையால் எடுத்து, பல்லில் கடித்துப் பிடித்த பனையோலைப் பறிக்குள் போடுகிறவர்கள் உண்டு. இருளர்களின் கைப்பழக்கம் அது. கோல் இல்லை, நரம்பு இல்லை, முள்ளும் இல்லை. இதற்கு மைனஸ் எண்தான் கொடுக்க வேண்டும். எத்தனை பவுன் மைனஸ் என்பதைப் பின்வரும் ஆய்வாளர்கள் கணக்கிடட்டும்.

ஆனால் அவர்கள் களத்துக்குச் சீக்கிரம் போக வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழிமுகம் பல இடங்களில் மேடாகிவிட்டது. சாம்பலில் துழாவினால் இறால் வராது. 2017 ஜனவரி 28இல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்தபோது, மீனவர்களே படகில் போய்க் குவளையாலும் வாளியாலும் மொண்டார்கள். கனத்த பொருளை ஆக இலேசான கருவியால் பிடிப்பதில் இந்தப் பகுதிக்கு நிகரில்லை என்பதற்கு இவ்விரண்டு சான்றும் போதும். இந்தப் பெருமை மூன்றாம் முறை கிடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய துறைகள் பல. அவற்றின் கோப்புகளின் எடை இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே.

வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ யாராவது "தூண்டில் மீனு" என்று சொல்லி விலை கூடக் கேட்டால், வலை மீன் விலைக்குப் பேரம் பேசாதீர்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் கேட்ட காசைக் கொடுத்துவிடுங்கள்.