மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தவன் வாலிபன்

பிரசங்க நேரத்தில் கண் அயர்ந்ததாக யாராவது குற்றம் சாட்டினால், ராஜபாளையத்துச் சபைகளில் வயதானவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரம். பவுல் நடுராத்திரிவரை பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூக்கத்தில் சாய்ந்து மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். அவன் வாலிபன் என்று வேதமே சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் கிழவர் எவரும் விழுந்ததாக எழுதப்படவில்லை. "நாங்க தூங்குனாலும் பெஞ்சை விட்டு விழ மாட்டோம்ல!"

இந்த வாதத்தை அடிக்கடி எடுத்துவிடும் ஒரு பெரியவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் வேண்டாம். ராஜபாளையத்தில் மில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். மகளைக் கட்டிக்கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். எழுபதைத் தாண்டிய வயது. ஆலயத்தில் இரண்டாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, பட்டா போட்டுக் கொடுக்காத குறையாக ஓர் இடம். இவ்வளவு அடையாளம் சொன்னால் எந்தச் சபையிலும் நாலு பேர் 'நம்மைத்தான் எழுதிவிட்டார்களோ' என்று திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் 2021 மதிப்பீட்டின்படி 13.6 விழுக்காடு. பெஞ்சுகளில் அவர்கள் பங்கு அதைவிடக் கூடுதலாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

இளமையில் அவருடைய பக்திக்கு உடம்பு ஒத்தாசையாக இருந்தது. உபவாச ஜெபம், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை, கிறிஸ்மஸ் பாட்டுக் குழுவோடு விடிய விடியத் தெருத்தெருவாக நடை, எதற்கும் அவர் பின்வாங்கியதில்லை. இப்போது ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போகிறது. காலைச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தால் பதினோரு மணிக்கெல்லாம் கை நடுங்குகிறது. அது ஆவியானவரின் அசைவு அல்ல, சர்க்கரை இறங்கியது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். உபவாசம் ரத்து.

அடுத்தது முழங்கால். பக்கத்திலிருக்கும் சத்திரப்பட்டியில் தறிதறியாகப் பேண்டேஜ் துணி நெய்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள். காயத்துக்கெல்லாம் கட்டுப் போடும் ஊர் இத்தனை பக்கத்தில் இருந்தும், இவர் முழங்காலுக்கு ஒரு கட்டும் உதவவில்லை. திருவிருந்து வாங்கப் போய் மண்டியிடுவது சுலபம். பூமியின் ஈர்ப்பு பார்த்துக்கொள்ளும். எழுந்திருப்பதுதான் அற்புதம். இரண்டு பக்கமும் இரண்டு வாலிபர்கள் கை கொடுத்துத் தூக்க, 'திமிர்வாதக்காரன் எழுந்து நடந்தான்' என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கும். குரலுக்கு உரியவர் அவருடைய மனைவி.

ஞாபகம் வேறு தனக்கென்று ஒரு நியாயம் வைத்திருக்கிறது. மூக்குக் கண்ணாடி எங்கே என்று வீட்டையே புரட்டுவார். அது நெற்றிமேல் இருக்கும். ஆனால் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த 23, 91, 121ஆம் சங்கீதங்களைக் கேட்டால் ஒரு வார்த்தை பிசகாமல் வரும். அன்று ஒரு வசனத்துக்கு ஒரு மிட்டாய் கொடுத்த டீச்சர் செய்த முதலீடு, கண் புரை வந்து எழுத்து மங்கும் வயதில்தான் முதிர்ந்து வட்டியோடு கைக்கு வருகிறது.

மார்கழியில் மகள் வீட்டுக்குப் போனால் இன்னொரு வசதி. ஆண்டாளின் ஊரில் விடியுமுன்பே ஒலிபெருக்கியில் திருப்பாவை ஆரம்பித்துவிடும். முதல் இரண்டு நாள் புரண்டு படுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து வேதத்தைத் திறந்துவிட்டார். எழுபது வருஷமாக எந்த அலாரமும் சாதிக்காததைப் பக்கத்துத் தெரு ஒலிபெருக்கி சாதித்தது. பதிலுக்கு அதே மாதத்தில் கிறிஸ்மஸ் பாட்டுக் குழு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டிரம்மோடு வந்து அந்தத் தெருவையே எழுப்பிவிடும். தூக்கத்தைக் கெடுப்பதில் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மதபேதம் கிடையாது.

உடம்பு விலகிக்கொண்ட பிறகு அவருக்கு மிச்சமிருக்கும் சோதனை ஒன்றுதான்: முறுமுறுப்பு. மற்றப் பாவங்களுக்கு உடம்பு ஒத்துழைக்க வேண்டும். முறுமுறுக்க நாக்கு போதும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மன்னா புளித்துப்போய் எகிப்தின் வெள்ளரிக்காயை நினைத்து அழுததை அவர் நூறு தடவை படித்திருக்கிறார். படித்து முடித்துப் புத்தகத்தை மூடியதும், "எங்க காலத்துல ஆர்மோனியம் ஒண்ணுதான். இப்ப பாரு, பீடத்துக்குப் பக்கத்துலயே டிரம் செட்டு" என்று ஆரம்பிப்பார். திரையில் பாட்டு ஓடுகிறது, யாரும் கீர்த்தனைப் புத்தகம் கொண்டுவருவதில்லை. சபை ஐயருக்கு மகன் வயதுதான் இருக்கும், பிரசங்கத்தில் கணினியைப் பற்றிப் பேசுகிறார். வாலிபர்கள் வேதாகமத்தைப் போனில் வாசிக்கிறார்கள்; உண்மையிலேயே வாசிக்கிறார்களா என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இந்தப் புலம்பலுக்கு வயது கொஞ்சநஞ்சமல்ல. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். 1864இல் கண்மூடும்போது தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்தார். 1820களில் வந்த புதிய மிஷனரிகள் பழைய தமிழ் வேதத்தைத் திருத்தினார்கள். பண்டிகைக்குப் பூ வேண்டாம், கல்யாணத்துக்குத் தமிழ்ப் பாட்டு வேண்டாம் என்றார்கள். சாஸ்திரியார் எழுத்தாணியை எடுத்துவிட்டார். கண்டனத்துக்கு மேல் கண்டனம் எழுதினார். தமிழ்ப் பாட்டு விஷயத்தில் காலம் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கும் சபைகளில் அவர் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன.

பெரியவர் இந்தக் கதையை இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார். கதை அதோடு நிற்கவில்லை. ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்த பழைய வழக்கத்தையும் அதே சாஸ்திரியார் அதே மூச்சில் ஆதரித்தார். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் அந்த வழக்கத்தை ஒழிக்கச் சொல்லி ஆணை அனுப்பியபோது தஞ்சாவூர்ச் சபை கொதித்தது. ஒரே கூடையில் பாட்டும் இருந்தது, பாகுபாடும் இருந்தது. 'எங்க காலத்து வழக்கம்' என்று ஒருவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வரும்போது, உள்ளே கைவிட்டுப் பார்க்காமல் வாங்கக்கூடாது. பெரியவருடைய மருமகன் இதை ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் சொன்னார். அன்று பெரியவர் இரண்டாம் தடவை ரசம் வாங்கவில்லை.

முறுமுறுக்க எல்லா உரிமையும் இருந்தவர் இதே தெற்குச் சீமையில் ஒருவர் இருந்தார். டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், திரும்பிச் சொந்த நாட்டுக்குப் போகவே இல்லை. 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடப் போனார். அந்தி நேரம். கழிப்பறைக்காகத் தவறான இடத்தில் வெட்டி வைத்திருந்த குழி. விழுந்தார், கால் முறிந்தது. அப்போது வயது அறுபத்து மூன்று. அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டு, பெரும்பாலும் அறைக்குள்ளேதான்.

அந்தப் படுக்கையிலிருந்து அவர் அடுக்கடுக்காகப் புத்தகங்கள் எழுதினார். அவற்றில் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' நோயாளி நோயாளிகளுக்கு எழுதியது. நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் படுத்திருப்பவர்களுக்கு எழுதும் ஆறுதல் நூல்கள் தனக்கு ஒட்டவே இல்லை என்பது அவர் கட்சி. படுக்கையில் கிடந்தவர் எவரும் இதற்கு ஆமென் சொல்வார். ஆப்பிளும் ஆலோசனையுமாக வந்து, தன் சித்தப்பா இதே நோயில் போய்ச் சேர்ந்த விவரத்தை முழுக்கச் சொல்லி, கடைசியில் 'எல்லாம் நன்மைக்கே' என்று எழுந்து போகும் விருந்தாளியை ஒரு தடவையாவது சந்திக்காதவர் யார்?

ஏமி அம்மையார் ஒரு வாழ்க்கை வரலாறும் எழுதியிருக்கிறார். அது இந்தச் சீமைக்கு நெருக்கமானது. அந்த நூலின் நாயகர் தாமஸ் ராக்லண்ட், கேம்பிரிட்ஜில் கல்லூரிப் பதவியை விட்டுவிட்டு மிஷனரியாக வந்தவர். 1854இல் சிவகாசிப் பக்கத்தில் கூடாரம் அடித்து, வட திருநெல்வேலி என்று அன்று அழைக்கப்பட்ட இந்தக் கரிசல் பூமியில் ஊர் ஊராகச் சுற்றினார். ஏற்கெனவே நுரையீரல் பலவீனம். 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தபோது அவருக்கு நாற்பத்து மூன்று வயதுதான். மூட்டுவலி, கண்புரை, பென்ஷன் எதையும் அவர் பார்க்கவில்லை. நீண்ட ஆயுள் கிடைத்தவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று கேட்க இவரைவிடத் தகுதியானவர் இல்லை.

சிலர் அதற்குக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, 3,700 பாடல்களுக்கு மேல் கொண்ட இரட்சணிய யாத்திரிகத்தை 1894இல் நூலாக வெளிக்கொணர்ந்தபோது அறுபத்தேழு வயதை ஒட்டியிருந்தார். இளமையில் சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு. போப் ஐயர் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தது 1900இல், எண்பதாவது வயதில். இந்த விவரத்தைக் கேட்ட பெரியவர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். முதல் பக்கத்தில் 'என் சாட்சி' என்று எழுதி அடிக்கோடும் இட்டார். இரண்டாம் பக்கத்திலிருந்து பால் கணக்கு ஓடுகிறது.

வேதத்திலும் இரண்டு வகைக் கிழவர்களைப் பார்க்கலாம். எண்பது வயதுப் பர்சிலாவைத் தாவீது ராஜா தன்னோடு அரண்மனைக்கு வரச்சொன்னார். சாப்பிடுவது ருசிக்கவில்லை, பாடகர் பாட்டுக் காதில் விழவில்லை, ராஜாவுக்கு நான் எதற்குப் பாரமாக வேண்டும் என்று சொல்லி, தனக்குப் பதிலாக ஓர் இளையவனை அனுப்பிவைத்தான். எண்பத்தைந்து வயதுக் காலேபோ, அன்றிருந்த பெலன் இன்றும் இருக்கிறது, எனக்கு அந்த மலைநாட்டைக் கொடு என்று யோசுவாவிடம் கேட்டான். சங்கத்துக் கூட்டத்தில் பொருளாளர் பதவியை இளையவர்களுக்கு விடச் சொன்னால் பெரியவர் காலேப் ஆகிவிடுவார். ஆலயத்துக்கு வெள்ளையடிக்க ஆள் கேட்டால் பர்சிலா. பர்சிலாவுக்கு ருசி போனது உண்மையாக இருக்கலாம்; இவர் விஷயத்தில் அது செல்லாது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, மகள் ஒளித்துவைக்கும் அலமாரியில் வாரந்தோறும் தேய்ந்துகொண்டேதான் போகிறது.

கொரோனாக் காலத்தில் ஒரு மாற்றம் நடந்தது. 2020 ஏப்ரல் 12 ஈஸ்டர் அன்று ஆலயம் பூட்டியிருந்தது. பேரன் போனில் ஆராதனையை வைத்துக்கொடுத்தான். இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காணிக்கை நேரம் வந்ததும் பர்ஸைத் திறந்துவிட்டு எங்கே போடுவது என்று விழித்தார். அன்று போன் பழகியவர்தான். இப்போது அதிகாலை நாலரைக்கு அறுபது பேருக்கு வாட்ஸ்அப்பில் வசனம் போகிறது, ரோஜாப்பூப் படத்தோடு. போனில் வேதம் வாசிக்கும் வாலிபர்களைப் பற்றிய புகார் சத்தமில்லாமல் வாபஸ் ஆனது.

நாலரை மணிச் சத்தத்துக்கு ஐயர் ஒரு மருந்து கண்டுபிடித்தார். ஆலயத்துக்கு வரமுடியாதவர்களுக்குத் திருவிருந்து கொண்டுபோகும்போது பெரியவரையும் கூட்டிப்போக ஆரம்பித்தார். முதல் வீடு தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டி. கயிற்றுக் கட்டில், காது அரைகுறை, நாக்கு முழுசு. திருவிருந்து முடிந்தது. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாட்டி, உங்களுக்காக ஜெபிக்கணும். என்ன காரியம்னு சொல்லுங்க" என்றார்.

"எனக்கு என்ன தம்பி கொறை? சாப்பிடுறேன், தூங்குறேன். நீ முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க. நான் உனக்கு ஜெபிக்கிறேன், வா."

எழுபத்து நாலு வயதில் தம்பி என்று கூப்பிட ஆள் இருந்த அதிர்ச்சியிலேயே அவர் தலை குனிந்துவிட்டது. பாட்டி உச்சந்தலையில் கை வைத்தார். முழங்காலில் ஆரம்பித்தார். சர்க்கரைக்குப் போனார். மகள், மருமகன், பேரன், கடைசியாக மில்லில் கூட வேலை பார்த்தவர்கள்வரை ஒருவரையும் விடவில்லை. பிறகு குரலை உயர்த்தி, "ஆண்டவரே, போன ஞாயிற்றுக்கிழமை டிரம் அடிக்கிற பயலை இவன் வஞ்சான்னு கேள்விப்பட்டேன். அந்த முறுமுறுப்பையும் எடுத்துப்போடும்" என்றார்.

ஆமென் சொல்லப் பெரியவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஐயர் முந்திக்கொண்டார்.